பெட்ஷீட்டோட மறுமுனை

தம்பி, முதல்லயே சொல்லிப்புடுறேன், எனக்குப் பேய், பிசாசு, ஆவி இந்தச் சோலியெல்லாம் நம்பிக்கை கெடையாது. கோயில்ல ஃபாதர் பிரசங்கத்துல பிசாசுன்னு சொன்னாக்கூட, சரி, இருந்துட்டுப் போகட்டும், நம்ம துவைக்கிற துறைக்கு வந்து துணியவா அழுக்காக்கப் போகுதுன்னு நெனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளு நான். பாம்பாத்து ஓடையில அம்பது வருசத்துக்கு மேல துணி துவைச்சிருக்கேன். விடியுமுன்னாடி தனியாப் போயிருக்கேன், மேகம் எறங்கி எதிர நிக்கிற ஆளு தெரியாதப்பவும் போயிருக்கேன். கல்லறைத் தோட்டத்துக் குறுக்குப்பாதைதான் எனக்கு ரோடு. ஒரு நாள் ஒரு பொழுது ஒண்ணையும் பாத்ததில்ல.

நீங்க நோட்டு வச்சுக்கிட்டு, அந்தக் காலத்துல வீட்டுப் பக்கம் என்னென்ன மிருகம் வந்துச்சு, எப்ப வர்றது நின்னுச்சுன்னு கேக்குறீங்க. வந்ததெல்லாம் சொல்லிருவேன். எந்தக் காலையிலேர்ந்து வரலைங்கிறதும் எனக்குத் தெரியும். ஆனா ஏன் வரலைன்னு சொல்லணும்னா, பின்னாடி ஒரு நாள் சாயங்காலம் நடந்ததையும் சேத்துச் சொல்லித்தான் ஆகணும், வேற வழியில்ல. நம்புனா எழுதுங்க. நம்பலைன்னா டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

எனக்குக் கல்யாணம் ஆனது ஐம்பதுகள்ல. எம்பொண்டாட்டி பேரு புஷ்பம், அய்யம்பாளையத்துக்காரி. வெயில் ஊர்ல பொறந்தவ, இங்க வந்த மொத மாசம் போர்வைய விட்டு வெளிய வரல. அப்புறம் என்னைய விடப் பனி தாங்குனா, அது வேற. எங்க வீடு ஓடைக்கு மேல, ரெண்டு ரூம்பு, தகரக் கூரை. பின்னாடி வெள்ளாவி அடுப்பு, அதுக்குப் பக்கத்துல ஒரு தாழ்வாரம், அதுல உவர்மண்ணு குவிச்சுக் கெடக்கும். உவர்மண்ணு உங்களுக்குத் தெரியாதுல்ல? சோப்புத்தூள் வர்றதுக்கு முன்னாடி அதுதான் எங்களுக்கு எல்லாம். கீழ பத்தலக்குண்டு பக்கத்துலேர்ந்து மூட்டை மூட்டையா லாரியில வரும், அதத் தண்ணியில கரைச்சு அதுல துணிய முக்கி, வெள்ளாவியில வச்சு எடுத்தா பெட்ஷீட்டு பால் மாதிரி வரும். ஒரு ஸ்கூல் ஆஸ்டல் துணியும் ரெண்டு மூணு பங்களா துணியும் எங்க கையில இருந்துச்சு.

அந்த மண்ணுல உப்பு இருக்கும், கொஞ்சம் நாக்குல வச்சாலே தெரியும். மலையில மிருகத்துக்கு உப்புக் கெடைக்கிறது கஷ்டம். அதான் வரும். மிளா வரும், கடமான்னு சொல்றாங்கள்ல, அது. வெள்ளனே நாலரை அஞ்சுக்கு வந்து மண்ணு குவியல நக்கும், அந்தச் சத்தம் கட்டையில அரத்தால ராவுற மாதிரி கர்ரு கர்ருன்னு கேக்கும், அதக் கேட்டுத்தான் நாங்க எந்திரிப்போம், எங்க வீட்டுல கடிகாரம் கெடையாது. காட்டுப்பன்னி வரும், புஷ்பம் வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு வெரட்டுவா. பின்னாடி சோலையில கருமந்தி உக்காந்து நாங்க துணி காயப்போடுறத வேலை பாக்குற மேஸ்திரி கணக்காப் பாத்துக்கிட்டிருக்கும். மலையணில் ஒண்ணு கொடிக்கயித்து மேல ஓடும். ஒருக்க செந்நாய் வந்துச்சு, அன்னிக்கு நானும் புஷ்பமும் கதவத் தொறக்கவே இல்ல.

மிளாவுல ஒரு பெட்டை இருந்துச்சு, எடது காது பாதி கிழிஞ்சு தொங்கும். புஷ்பம் அதுக்கு மூளின்னு பேரு வச்சா. கொஞ்சுறதுக்கு வச்ச பேரில்ல, அவளுக்கு அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. "வந்துட்டியா, நேத்து என்ன ஆளக் காணோம்"னு திட்டுவா. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி குவியல்ல மேல கெடக்குற பெரிய கட்டிய ஒடைச்சுப் போட்டுட்டு வருவா, காஞ்ச கட்டியில நாக்கு வழுக்குமாம். நான் சிரிப்பேன். ஆனா எனக்கும் அந்தச் சத்தம் கேக்கலைன்னா பொழுது விடிஞ்ச மாதிரி இருக்காது, அதையும் சொல்லணும்ல.

மூளி மனுசன் வாடைய அவ்வளவா கண்டுக்காது, ஆனா மறைஞ்சு நின்னா ஓடிரும். பொதர் ஆடுனா ஓடும், மரத்துக்குப் பின்னாடி ஆள் நின்னா ஓடும். ஆனா கொடியில காயுற பெட்ஷீட்டு காத்துல படபடன்னு அடிச்சாலும் அசையாது. பொறந்ததுலேர்ந்து அதப் பாத்துப் பழகுன மிருகம். வெள்ளைத் துணின்னா அதுக்குப் பயம் கெடையாது. இது எனக்குத் தெரியும், புஷ்பத்துக்குத் தெரியும், வேற ஒருத்தருக்கும் தெரியாது. இத மனசுல வச்சுக்கங்க.

ஒரு பங்களாவுக்கு, எந்தப் பங்களான்னு கேக்காதீங்க, அது இப்ப இடிச்சாச்சு, அங்க ரெண்டு விருந்தாளிங்க வேட்டைக்குன்னு வந்திருந்தாங்க. நாலு நாள் அலைஞ்சும் ஒண்ணும் கெடைக்கல போல. துணி குடுக்கப் போனப்ப மேனேஜரு எங்கிட்ட நைசாக் கேட்டாரு, என்னப்பா உன் வீட்டுப் பக்கம் மிளா வருதாமே, கிட்டப் போனா ஓடிருதாமேன்னு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். அவரு உள்ள போயி ஒரு கோட்டு எடுத்துட்டு வந்து எந்தோள்ல போட்டுப் பாத்தாரு. காப்பிக்கொட்டை நெறம், நல்ல கம்பளி, உள்ள பட்டுத் துணி வச்சுத் தச்சது. தம்பி, நீங்க இந்த மலையில மார்கழி விடியக்காலம் ஓடைத்தண்ணியில முட்டிவரைக்கும் நின்னு பாத்திருக்கீங்களா? நான் அப்பக் கிழிஞ்ச ஸ்வெட்டரு ஒண்ணு போட்டுக்கிட்டுத் திரிஞ்ச ஆளு. இத நியாயம்னு சொல்லல, நடந்தது அதுதான்.

நான் சொல்லிக்குடுத்தேன். குவியலுக்கு எதிர பதினஞ்சடியில கொடி இருக்கு, அதுல ரெண்டு பெட்ஷீட்டத் தொங்கவிட்டு அதுக்குப் பின்னாடி உக்காருங்க, அது அசையாதுன்னேன். சொன்னதோட விட்டனா? புஷ்பத்த அவ அம்மா வீட்டுக்கு, கோயில் திருவிழான்னு சொல்லி மொத நாளே பஸ் ஏத்தி விட்டேன். பெட்ஷீட்டையும் நானேதான் தொங்கவிட்டேன், நல்லதாப் பாத்து ரெண்டு.

வெள்ளனே சத்தம் கேட்டுச்சு, கர்ரு கர்ருன்னு. அப்புறம் வெடிச் சத்தம், ஒண்ணே ஒண்ணு. நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன், வெளிய வரல. தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம் வந்து மண்ணுல இருந்த ரத்தத்த மம்பட்டியால வழிச்சு ஓடையில போட்டேன். ஒரு பெட்ஷீட்டுல மருந்துக் கரி புடிச்சு, கட்டைவெரல் நொழையுற ஓட்டை. அத எரிச்சுட்டேன். கோட்டப் போட்டுக்கிட்டேன். கதகதன்னுதான் இருந்துச்சு.

அன்னியோட முடிஞ்சுச்சு. மூளி வராதுன்னு எனக்குத் தெரியும், மத்ததும் வரல பாருங்க. மிளா ஒண்ணுகூட வரல. பன்னி வரல. கருமந்தி சோலைய விட்டே போயிருச்சு. அந்த மலையணிலுகூட, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், அதுவும் கொடிக்கயித்துக்கு வரல. ஊர்ல கேட்டா ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. மேல புல்லுமேட்டையெல்லாம் வெட்டி, தோல் பதனிடுற பட்டைக்குன்னு சீகை மரம் வச்சாங்க, அதனாலன்னாங்க. ரோட்டுக்குப் பாறைக்கு வெடி வைக்கிறாங்க, அதனாலன்னாங்க. எல்லாம் நிசந்தான், நான் இல்லைங்கல. ஆனா அதெல்லாம் மெதுவா நடந்த சங்கதி. எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரே நாள்ல காலியாச்சு.

புஷ்பம் ஊர்லேர்ந்து வந்து, மூணு நாள் பாத்தா, அப்புறம் அவளா ஒரு காரணத்தப் புடிச்சுக்கிட்டா. அவ ஊருக்குப் போறதுக்கு முந்தின வாரந்தான், ஆஸ்டல்ல இன்னும் வெள்ளையா வேணும்னு சொன்னாங்கன்னு, அவ யோசனையில சலவைச் சோடா வாங்கிப் போட ஆரம்பிச்சிருந்தோம். மிச்சம் இருந்த சோடாத் தண்ணிய அவதான் குவியல் ஓரமா ஊத்துனா. அவ்வளவுதான், புடிச்சுக்கிட்டா. "நான்தான் விஷத்த ஊத்திட்டேன். மூளி எங்கிட்டாவது பொதருக்குள்ள வயிறு வெந்து செத்துக் கெடக்கும்"னா. நான் இல்ல தாயின்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கணும். சொல்லல. சொன்னா, பெறகு ஏன் வரலைன்னு அடுத்த கேள்வி வரும்ல.

சோடாவ அன்னிக்கே நிறுத்துனா. மறுபடி வெறும் உவர்மண்ணு, கூட ரெண்டு மடங்கு அடிச்சுத் துவைக்கணும், கை வெடிச்சு ரத்தம் வரும், தேங்காயெண்ணெயத் தடவிக்கிட்டு மறுபடி துவைப்பா. ராத்திரி கட்டிய ஒடைச்சுப் போடுறத விடல. வெள்ளனே எந்திரிச்சுப் போயிப் பாப்பா. உள்ள வந்து அடுப்பப் பத்த வைப்பா. அது ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஏழு வருசம். கண்ண மூடிப் படுத்திருக்கிறவன் தூங்கறானா முழிச்சிருக்கானான்னு அவளுக்குத் தெரியாது. நான் முழிச்சுத்தான் கெடப்பேன், சத்தம் வராதான்னு எங்காதும் தேடும். அதுல ஒரு வேடிக்கை பாருங்க, கொல்லச் சொன்னவனே நான், எனக்கும் அது இல்லாம நெஞ்சு வெறிச்சுன்னு இருக்கும்.

வருசா வருசம் தபசுகாலத்துல, ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போவா. மண்டி போட்டு, வாயில்லா சீவன விஷம் வச்சுக் கொன்னேன்னு சாமியார்ட்டச் சொல்லுவா. எனக்கெப்படித் தெரியும்னா வெளிய வந்து அவளே சொல்லுவா, இந்த வருசம் அம்பத்து மூணு மணி ஜெபமாலை சொல்லச் சொன்னாருன்னு. நான் அடுத்த ஆளா உள்ள போயி, பொய் சொன்னேன், கோவப்பட்டேன்னு ரெண்டு சில்லறைப் பாவத்தச் சொல்லிட்டு வருவேன். அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டுத்தான்.

இப்ப அந்தச் சாயங்காலத்துக்கு வர்றேன். ஐப்பசி மாசம், அறுபதுகளோட ஆரம்பம்னு வச்சுக்கங்க. மணி மூணு இருக்கும். ஆஸ்டல் பெட்ஷீட்டு முப்பதுக்கு மேல கெடக்கு. நாங்க ரெண்டு பேரும் ஓடையில நின்னு அலசிப் பிழிஞ்சுக்கிட்டிருந்தோம். பெட்ஷீட்ட ஒரு ஆள் பிழிய முடியாது. ஆளுக்கு ஒரு முனையப் புடிச்சு, அவ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் முறுக்கணும், வடம் மாதிரி திரண்டு தண்ணி கொட்டும். ஓடை எரைச்சல்ல பேச்சுக் கேக்காது. அதனால புஷ்பம் ஒரு பழக்கம் வச்சிருந்தா, போதும்னா ரெண்டு வெட்டு வெட்டி இழுப்பா. சட்டு, சட்டுன்னு. நான் விட்டுருவேன். கல்யாணமான புதுசுலேர்ந்து அதுதான் எங்க பேச்சு. ஆள் இல்லைன்னா ஒத்தையில பிழியறதுக்கு ஒரு முளை அடிச்சிருந்தோம், அதுல ஒரு முனைய மாட்டிக்கிட்டு முறுக்கலாம். அன்னிக்கு அது தேவைப்படல.

அன்னிக்குக் காலையிலதான் அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. இந்த ஞாயித்துக்கிழமை சாமியார்ட்ட மறுபடி போகப்போறேன், நான் மனசாரச் சொல்லல போல, அதான் கடவுள் மன்னிக்கல, மன்னிச்சிருந்தா ஒரு குட்டியாவது வந்திருக்கும்ல அப்படின்னா. காலையிலேர்ந்து அதையே நெனைச்சுக்கிட்டுத்தான் நான் துணிய அலசுறேன்.

பத்துப் பெட்ஷீட்டு பிழிஞ்சிருப்போம், மிச்சத்த ரொம்ப நேரம் குனிஞ்சு அலசிட்டு நிமுந்து பாத்தா மேகம் எறங்கிருச்சு. எங்க ஊரு மேகம் எறங்குறது உங்களுக்குத் தெரியும், ஆனா அன்னிக்கு எறங்குனது வேற. என் கை எனக்குத் தெரியல. பெட்ஷீட்டு ரெண்டு அடி தெரியுது, அப்புறம் வெள்ளைக்குள்ள வெள்ளை போயிருச்சு. நான் அடுத்தத எடுத்து முனையப் புடிச்சுக்கிட்டு மத்தத வீசுனேன், எப்பவும் வீசுற மாதிரி. அந்தப் பக்கம் புடிச்சாச்சு. முறுக்குனேன், எதிர்முறுக்கு வந்துச்சு. இப்படி நாலஞ்சு பிழிஞ்சோம். ரெண்டு வெட்டு வரல, ஆனா விட வேண்டிய நேரத்துல சரியா விட்டுச்சு, நான் அதப் பெருசா நெனைக்கல.

ஆறாவதோ ஏழாவதோ பிழியறப்ப எனக்குத் தோணுச்சு, மூஞ்சி தெரியல, பாவசங்கீர்த்தனம் சொல்ற மரக்கூண்டுல வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் உக்காந்திருக்கிற மாதிரித்தான இது. இப்பச் சொல்லலைன்னா நான் சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். வாயத் தொறந்துட்டேன்.

"புஷ்பம், சோடா இல்ல. மூளிய நான்தான் காட்டிக்குடுத்தேன்"னேன்.

எரைச்சல்ல கேக்கட்டும்னு சத்தமாத்தான் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். மேனேஜரு கேட்டது, கோட்டு, அவள ஊருக்கு அனுப்புனது, பெட்ஷீட்டு தொங்கவிட்டது, வெடிச் சத்தம் கேட்டு உள்ளயே உக்காந்திருந்தது. பேசிக்கிட்டே முறுக்குறேன், அந்தப் பக்கமும் முறுக்கு வருது. பெட்ஷீட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தாங்கன்னு சொன்ன எடத்துல முறுக்கு நின்னுச்சு. நிக்குதே ஒழிய விடல. இழுத்துப் புடிச்சுக்கிட்டே இருக்கு. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு, பெருமூச்சு. அழுகுறான்னு நெனைச்சேன். நானும் அழுதேன், ஏன் பொய் சொல்லணும். ஏழு வருசம் உன்ன விடியக்காலப் பனியில நிக்க வச்சுட்டேனே, என்னைய மன்னிச்சுருன்னேன்.

ரெண்டு வெட்டு வரும்னு காத்துக்கிட்டு நின்னேன். வரல. முனை சடக்குன்னு விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

மேகம் மெதுவா விலகுச்சு. பெட்ஷீட்டு எங்கையிலேர்ந்து தண்ணியில நீண்டு கெடக்கு, அந்தப் பக்கம் கல்லு மேல ஆளில்ல. கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான்னு நெனைச்சு, பெட்ஷீட்டச் சுருட்டிக்கிட்டே போயி அந்த முனையத் தொட்டேன். ஓடைத்தண்ணியில கெடந்த துணி, அந்தத் தண்ணியில கைய வச்சா வெரலு மரத்துப் போயிரும். அந்த முனை மட்டும் கதகதன்னு இருந்துச்சு. கொழகொழன்னு எச்சி. ஓரம் மென்னு நைஞ்சு போயி நூல் நூலாத் தொங்குது. கொடியில காயுற துணிய மாடு மென்னு நான் பாத்திருக்கேன், எங்க தொழில்ல அது சகசம், பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்தப் பக்கம் அன்னிக்கு மாடு மேச்சவங்க யாரும் இல்ல. ஈர மண்ணுல கொளம்புத் தடம் ஒண்ணுகூட இல்ல, தேடிட்டேன்.

அந்த முனையக் கையில புடிச்சுக்கிட்டே நிக்கிறேன். அப்ப மேட்டுப் பாதையில புஷ்பம் காலிக்கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு எறங்கி வர்றா. மடத்து சிஸ்டருங்க அவசரமாக் கேட்ட துணிய, மேகம் எறங்குறதுக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாளாம், நான் குனிஞ்சு அலசிக்கிட்டிருந்தேன், எரைச்சல்ல எங்காதுல விழல. குடுத்துட்டுத் திரும்பி வர்ற வழியில மூட்டம் கட்டிருச்சு, பாதை தெரியாம, மேட்டுக்கு அந்தப் பக்கம் பவுனக்கா டீக்கடையில உக்காந்துட்டாளாம். இதெல்லாம் அப்புறமாச் சொன்னது. எறங்கி வந்தவ எம்முன்னாடி நின்னு முதல்ல கேட்டது வேற.

"அப்ப சோடா இல்லையா?"ன்னா.

யாரு சொன்னதுன்னேன். "நீங்கதான இப்பச் சொன்னீங்க"ன்னா. எங்க இருந்து கேட்டன்னேன். டீக்கடையில இருந்துதான்னா. அதச் சொல்லும்போதுதான் அவளுக்கே அது ஒறைச்சுச்சு போல, கூடையக் கீழ வச்சுட்டு மேட்டத் திரும்பிப் பாத்தா.

மேகத்துல சத்தம் தூரம் போகும்னு நீங்க சொல்லுவீங்க, நானும் அப்படித்தான் சொல்லிப் பாத்தேன். நடுவுல ஒரு மேடு, அதுக்கு அந்தப் பக்கம் அரை மைலு, பக்கத்துல ஓடை எரைச்சல். மறுநா நான் டீக்கடைக்கே போயிட்டேன். பவுனக்கா பொய் சொல்ற ஆளில்ல, சொன்னாலும் எனக்காகச் சொல்ல அதுக்கு என்ன தலையெழுத்து. மூட்டம் கட்டுனதுலேர்ந்து விலகுற வரைக்கும் ஒம்பொண்டாட்டி இந்தப் பெஞ்சுலதான் இருந்துச்சு, டீயக் குடுத்தேன், குடிக்கல, ஆறிப்போச்சு, யாரோ பக்கத்துல உக்காந்து பேசறதக் கேக்குற மாதிரி தலையச் சாச்சுக்கிட்டே இருந்துச்சு, கடையில நானும் அதுவுந்தான்னு சொல்லுச்சு. நான் பேசுனது எதுவும் அக்கா காதுல விழல.

அன்னிக்கு ராத்திரி புஷ்பம் எனக்குச் சோத்தப் போட்டா, அவ சாப்புடல. ஆணியில மாட்டியிருந்த கோட்ட எடுத்தா, பொத்தானெல்லாம் போட்டு நல்லா மடிச்சா, சலவைக்காரி மடிக்கிற மாதிரி, கொண்டுபோயி உவர்மண்ணு குவியல் உச்சியில வச்சுட்டு வந்து படுத்துட்டா. ஏசல, அடிக்கல, அழக்கூட இல்ல. ஏசியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

விடியக்காலம் எனக்கு முழிப்பு வந்துச்சு, சத்தம். கர்ரு கர்ருன்னு. ஏழு வருசம் கழிச்சு. ஒண்ணு இல்ல தம்பி, நாலஞ்சு நாக்குச் சத்தம். புஷ்பமும் முழிச்சுத்தான் கெடந்தா, அவ கை எங்கையப் புடிச்சு அழுத்திக்கிட்டிருந்துச்சு, போகாதீங்கன்னு அர்த்தமா, பயமான்னு தெரியல. நாங்க எந்திரிக்கல. நல்லா வெளிச்சம் வந்தப்புறம் போயிப் பாத்தோம். குவியல் சுத்தி நக்கி நக்கிப் பள்ளம் பள்ளமாக் கெடக்கு, மொத நாள் இருந்ததுல பாதி மண்ணு இல்ல. கோட்டு உச்சியில வச்ச மடிப்புக் கலையாம இருக்கு. அதுல ஒரு பொட்டு எச்சி இல்ல. கம்பளியில ஏழு வருசத்து வேர்வை உப்பு ஏறியிருக்கு, மிருகம் அத விடாது, அது எங்களுக்கு நல்லாத் தெரியும். தொடல. சுத்தி ஈர மண்ணுல ஒரு கொளம்புத் தடமும் இல்ல.

புஷ்பம் பாத்துட்டு, வந்துட்டுப் போயிருக்குன்னா. மொகம் அப்படியே தெளிஞ்சுபோச்சு, ஏழு வருசத்துல நான் அந்த மொகத்தப் பாக்கல. அன்னியிலேர்ந்து கட்டி ஒடைக்கப் போகல, வெள்ளனே போயிப் பாக்குறதும் இல்ல, சோடாவ மறுபடி வாங்கிட்டு வரச் சொன்னா. பாவசங்கீர்த்தனத்துல அதச் சொல்றதையும் விட்டுட்டா. அதுக்கப்புறம் எதுவும் வரல. கோட்டு அங்கயே மழையில நனைஞ்சு மக்கிப்போச்சு, நானும் எடுக்கல, அவளும் எடுக்கல.

இப்ப ஊருக்குள்ள காட்டெருமை வருது, பஸ்ஸ்டாண்டுல நிக்குது, டூரிஸ்டுக போன்ல படம் புடிக்கிறாங்க, நீங்களும் பாத்திருப்பீங்க. எங்க வீட்டு வழியாவும் போகும். தாழ்வாரத்துல ஒரு கூடை உவர்மண்ணு இன்னும் வச்சிருக்கேன், மகன் திட்டுவான், எதுக்குப்பா குப்பைன்னு. காட்டெருமை அதப் பக்கத்துல வந்து மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போயிரும். ஏன்னு நீங்க படிச்சவங்க சொல்லுங்க.

புஷ்பம் அதுக்கப்புறம் முப்பது வருசத்துக்கு மேல எங்கூட வாழ்ந்தா. மகன் ஒருத்தன், மக ஒருத்தி பொறந்தாங்க. நல்லாத்தான் வச்சிருந்தா என்னைய, குறை சொல்ல மாட்டேன், சிரிப்பா, திட்டுவா, காய்ச்சல்ல பக்கத்துல உக்காந்திருப்பா. ஆனா எத்தன ஆயிரம் பெட்ஷீட்டு பிழிஞ்சிருப்போம், அந்த ரெண்டு வெட்டு மட்டும் திரும்ப வரவே இல்ல. போதும்னா அவ பாட்டுக்கு முனைய விட்டுருவா. நான் கேட்டதில்ல. கேக்குறதுக்கு எனக்கு மொகம் இல்ல.

அவ செத்து பதினோரு வருசமாச்சு. எனக்கு எம்பது தாண்டிருச்சு. மகன் மிஷின் வாங்கி வச்சிருக்கான், எம்பெட்ஷீட்ட மட்டும் நான் ஓடைக்குக் கொண்டுபோயிருவேன், ஒத்தையிலதான, பழைய முளையில ஒரு முனைய மாட்டிக்கிட்டு முறுக்குவேன். முறுக்கி முடிச்சாலும் சட்டுன்னு விட மாட்டேன், கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டே நிப்பேன். முளை இழுக்குமா, இழுக்காது, அது எனக்குந் தெரியும். அப்புறம் போயி முளையில மாட்டுன முனையக் கழட்டுவேன். வெயில் அடிக்கிற நாள்ல ஒண்ணுமில்ல, பச்சைத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்கும். மேகம் எறங்குன நாள்ல மட்டும், எல்லா நாளும் இல்ல, சில நாள், அந்த முனை கதகதன்னு இருக்கு.